ஊவாவில் ஏத்தமே இல்லை

இலங்கையின் ஊவா மாகாணத்தில் ஏற்றமே கிடையாது. இதை நான் சொல்லவில்லை. சைக்கிளோடு ஐந்து நாள் அங்கே அலைந்தபோது எதிரில் வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். சைக்கிள் கடைக்காரர் சொன்னார், லாரிக்காரர் சொன்னார். முதுகில் விறகுக்கட்டோடு, மூக்கு தரையில் உரசும்படி குனிந்து மலைச்சரிவில் ஏறிக்கொண்டிருந்த ஓர் அம்மாளும் நின்று, மூச்சு வாங்காமல் சொன்னார்: "ஏத்தமே இல்லீங்க, நேரா போங்க."

நான் தஞ்சாவூர்க்காரி. எங்கள் ஊரில் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான். அதிலேயே பாதிப் பேர் இறங்கித் தள்ளுவார்கள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடம் பி.டி. டீச்சராக விசில் ஊதிவிட்டு விருப்ப ஓய்வில் வீட்டில் உட்கார்ந்திருந்தவளை இலங்கை மலைநாட்டுக்கு அனுப்பியவன் என் பழைய மாணவன் கார்த்திக். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி வைத்திருக்கிறான். அறுபது வயதைத் தாண்டியவர்களை வெளிநாட்டுக்குச் சைக்கிள் சுற்றுலா கூட்டிப் போவது அவன் தொழில். அவர்களில் முக்கால்வாசிப் பேர் முழங்கால் வைத்தியர்களிடமிருந்து நேராக இவனிடம் வருகிறவர்கள்.

'மென்மையான மேடு பள்ளங்கள் கொண்ட தேயிலைக் கிராமங்கள்' என்று விளம்பரம் அச்சடித்துவிட்டான். அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாக்கி. இரண்டு நிபந்தனைகள் வைத்தான். நூறடிக்கு மேல் இறங்கித் தள்ளும்படி எங்கும் இருக்கக் கூடாது. பாதி வழியில் நல்ல மதியச் சாப்பாடும் சுத்தமான கழிப்பறையும் வேண்டும். "மிஸ், நீங்க பார்த்து ஓகே சொன்னா போதும். நான் வேற யாரையும் கேக்க மாட்டேன்" என்றான். நூறு மீட்டர் ஓடச் சொன்னால் எண்பதில் நின்றுவிடும் பையன். அவன் கையில் இப்போது என் விமான டிக்கெட்.

முதல் நாள் பதுளை. ரயில் பாதை அங்கே முடிகிறது. அதற்கு மேல் போக தண்டவாளத்துக்கே தைரியம் இல்லை என்பதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். கடைத்தெருவில் சைக்கிள் வாடகைக்குக் கொடுத்த பெரியவரின் அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவராம். அன்பாகப் பேசினார். இருபத்தொரு கியர் என்று எழுதிய ஒரு சைக்கிளைத் துடைத்துக் கொடுத்தார். ஓட்டிப் பார்த்தேன். இரண்டு கியர்தான் விழுந்தது. கேட்டேன்.

"மேட்டுக்கு ஒண்ணு, பள்ளத்துக்கு ஒண்ணு. போதாதுங்களாம்மா?" என்றார்.

நீங்கள் சைக்கிள் ஓட்டுவீர்களா என்றேன். தனக்கு எதற்கு, பைக் இருக்கிறதே என்றார். யார்தான் வாங்குகிறார்கள் என்றேன். சின்னப் பிள்ளைகளுக்கு வாங்கிப் போவார்கள், முற்றத்துக்குள்ளேயே சுற்றும் என்றார். முற்றத்துக்கு வெளியே ஏன் சுற்றுவதில்லை என்று நான் கேட்கவில்லை. பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் இட்லிக்குச் சட்னி இருக்கும் இடத்தில் கட்டச் சம்பல் வைத்தார்கள். கண்ணில் நீர் வழியச் சாப்பிட்டேன். இரண்டாவது முறையும் கேட்டு வாங்கினேன்.

இரண்டாம் நாள் காலை கொடி அசைக்க ஆளில்லாமலே கிளம்பினேன். பத்து நிமிடம் சொர்க்கம். பிறகு சாலை எழுந்து நின்றுகொண்டது. மேட்டுக்கான கியரைப் போட்டேன். அதுதான் பள்ளத்துக்கானது என்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்கினேன். ஒரு ஆட்டோக்காரர் ஏதும் கேட்காமலே சைக்கிளைப் பின்னால் கட்டிக்கொண்டு பண்டாரவளையில் கொண்டுபோய் விட்டார். அங்கிருந்து வெலிமடை லீக்ஸ், வெங்காயத்தாள் மாதிரி ஒரு காய்கறி, ஏற்றிப் போன லாரி. ஓட்டுநர் சிங்களவர். நான் போகும் பக்கம் சாலை எப்படி என்று சைகையில் கேட்டேன். மேடெல்லாம் இல்லை, வெறும் சாலைதான் என்ற பொருளில் அவர் சொன்னதை அவர் உதவியாளர் எனக்குத் தமிழாக்கினார். அதைச் சொல்லிக்கொண்டே ஓட்டுநர் முதல் கியருக்கு இறங்கினார். சைக்கிள் லீக்ஸ் மேல் படுத்து வந்தது. எங்கள் இருவரில் அதற்குத்தான் நல்ல பயணம்.

பெரகலச் சந்தியில் இறக்கிவிட்டார்கள். மளிகைக் கடையில் தங்க இடம் கேட்டபோது, தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் புஷ்பராணி கடையில் ஓர் அறை இருக்கிறது என்றார்கள். அதற்குப் போக ஒரே வண்டிச் சாலை. அதில் ஆட்டோவின் முன் சக்கரம் இரண்டு இடத்தில் தரையை விட்டுக் கிளம்பியது. ஏத்தமா, இதிலயா என்று ஆட்டோக்காரர் சிரித்தார்.

தேயிலை மலை நடுவில் லயம் என்கிற தொழிலாளர் வீடுகள் இரண்டு வரிசை, ஒரு மாரியம்மன் கோவில், ஒரு பள்ளிக்கூடம். லயத்தை ஒட்டி ஒரு கடை. கடையின் பக்கவாட்டில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த அறை, டைல்ஸ் போட்ட கழிப்பறை. வாசலில் மூன்று மொழியில் 'அறை உண்டு'. அறை கட்டி ஒன்றரை வருடத்தில் நான் நான்காவது விருந்தாளி என்றாள் புஷ்பராணி. முப்பத்து மூன்று வயதிருக்கும். கணவர் சிவா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. மகள் தர்ஷினி நாலாம் வகுப்பு. அவள் கடையில் ரொட்டி, மாசிக் கருவாட்டுச் சம்பல், பருப்பு, வாழைப்பூ வறுவல் எல்லாம் ஒரு கையிலேயே நடந்தது. தேத்தண்ணியை மட்டும் குறை சொல்ல வேண்டியிருந்தது. உலகத்துக்கே தேயிலை அனுப்பும் மலையில் எனக்குக் கிடைத்தது சல்லடையில் கடைசியாக மிஞ்சும் தூள். நல்ல இலையெல்லாம் எங்கே என்றேன். அதுவும் வெளிநாடு போயிருச்சு டீச்சர் என்றாள்.

'அதுவும்' என்றதைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அவள் குவைத்துக்குப் போகப் பதிந்திருந்தாள், வீட்டு வேலைக்கு. பாஸ்போர்ட் வந்துவிட்டது. மருத்துவப் பரிசோதனை முடிந்துவிட்டது. ஏஜென்சிக்காரர் போன் செய்தால் கிளம்ப வேண்டியதுதான். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று சொன்னதும் அடுப்பைத் தணித்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்த சைக்கிள் ஆளுங்க இந்தப் பக்கம் வந்து சாப்பிட்டா, நான் போக மாட்டேன் டீச்சர். ஏஜென்சிக்காரருக்கு நாளைக்கே சொல்லிருவேன்."

அது என் கையில் இல்லை, கம்பெனிதான் முடிவு செய்யும் என்றேன். என் கையில்தான் இருந்தது. பேச்சை மாற்ற, இந்தப் பக்கம் ஏற்றம் எப்படி என்றேன்.

"ஏத்தம்தானுங்க எல்லாம்" என்றாள். "எல்லாரும் இல்லேம்பாங்க. இருக்கு." இலங்கையில் என்னிடம் உண்மை பேசிய முதல் ஆள்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. விடியும் முன்பே பெரட்டுக்குக் கொம்பு ஊதினார்கள். கொழுந்து எடுக்கும் பெண்கள் கூடையோடு வந்து நிற்க, கங்காணி பெயர் கூப்பிட்டு, இன்றைக்கு யாருக்கு எந்த மலை என்று பிரித்துவிட்டார். நான் பள்ளியில் நடத்திய காலை வணக்கத்தில் ஒருநாள்கூட அப்படி ஒரு வரிசை நின்றதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பொறாமையாக இருந்தது. வரிசையில் ஓரமாக நின்ற என்னைப் பார்த்து, இந்தம்மாவுக்கு எந்த மலை என்று யாரோ கேட்க, அதுக்கு எல்லா மலையும்தான் என்று இன்னொருத்தி சொன்னாள்.

அன்று முழுக்க ஓட்டினேன். ஆச்சரியம் அங்கேதான் இருந்தது. மலை இடுப்பைச் சுற்றிப் பழைய வண்டிப் பாதை ஒன்று போகிறது. வெள்ளைக்காரன் காலத்தில் மாட்டு வண்டிக்காகப் போட்டது. மாட்டுக்கு மூச்சு வாங்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வளைத்திருக்கிறான். மாடு ஏறிய பாதையில் என் அறுபது வயது வாடிக்கையாளர்கள் தாராளமாக ஏறுவார்கள். ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் பள்ளத்தாக்கு, வளைவுக்கு வளைவு பனி. கார்த்திக் விளம்பரத்தில் அடித்த பொய் நிஜமாகவே இருந்தது. நான் விசில் எடுத்து வராதது வருத்தமாகிவிட்டது.

ஒரே ஓர் இடம்தான் இடித்தது. புஷ்பராணி கடைக்குக் கீழே வண்டிப் பாதை மண்சரிவில் போய்விட்டது. ஆட்டோவே திணறிய அந்தச் சாலையை விட்டால், அங்கிருந்து கடைக்கு ஏற ஒற்றையடிச் சரிவு ஒன்றுதான். எண்பது அடி இருக்கும். மழை பெய்தால் வழுக்கும் செம்மண். தர்ஷினியும் கீழ் லயத்துப் பிள்ளைகளும் அதில்தான் புல்லைப் பிடித்துக்கொண்டு போய் வந்தார்கள். அந்தச் சரிவைக் கொஞ்சம் வளைத்து ஒரு முடக்கு வைத்து மட்டப்படுத்தினால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம். எண்பதடி. நிபந்தனைக்குள் வருகிறது. செய்யாவிட்டால் பாதை மேல் டிவிசனைத் தொடாமலே போய்விடும். சாப்பாடும் இல்லை, கழிப்பறையும் இல்லை. பாதையே இல்லை.

சாயங்காலம் கடை முன்னால் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். டிவிசனின் சங்கத் தலைவர் மாடசாமி, கங்காணி, சிவா, கொழுந்துக்காரப் பெண்கள். தலைவர்தான் பேச்சை எடுத்தார். பாதை எப்படி என்றார். நான் எழுந்து நின்று, பரிசளிப்பு விழாவில் பேசுவது மாதிரி பேசினேன். பாதை ஒன்றாந்தரம். கடைக்குக் கீழே அந்தச் சரிவில் மட்டும் ஏறுவதற்குக் கொஞ்சம் லேசாக்கிவிட்டால் போதும்.

"அவ்வளவுதானுங்களா?" என்றார் தலைவர்.

அவ்வளவுதான் என்றேன். இருபத்தாறு வருடம் பிள்ளைகளுக்குக் குனிவது எப்படி, நிமிர்வது எப்படி என்று கோடு போட்டுக் காட்டியவள் நான். அன்றைக்குக் கோடு போட்டுக் காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை புஷ்பராணி ரொட்டியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, கீழ்ப் பக்கமே முழுக்கப் பார்த்துவிட்டு நாலு மணிக்கு மேல் வந்தால் போதும் என்றாள். முன்னால் வந்துவிடக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னாள். கோழி அடிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாகக் கிளம்பினேன். அன்று ஒரு அட்டை கால் விரலிடுக்கில் கடித்ததும் வழியில் இருந்தவர்கள் சோப்பு நுரை வைத்து எடுத்துவிட்டதும் தனிக் கதை. அட்டை கடித்த இடத்தில்கூட ஏற்றம் இல்லை என்றார்கள்.

நாலே காலுக்குச் சரிவின் அடிக்கு வந்து சேர்ந்தேன். சரிவு இல்லை.

இருந்த இடத்தில் படிக்கட்டு நின்றது. அடியிலிருந்து கடை வாசல்வரை, நேராக, ஒரே அளவில் வெட்டிய மண்படி. ஒவ்வொரு படிக்கும் பழைய தேயிலை மரத்தின் கட்டையை அடித்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் ஓட வாய்க்கால். மேலே டிவிசனே நின்றது. கையில் மம்பட்டி, கடப்பாரை, காலெல்லாம் செம்மண். வாரத்தில் ஆறு நாள் மலையில் நிற்கிறவர்கள், மிஞ்சிய ஒரே நாளையும் எனக்காக மலையில் கழித்திருந்தார்கள். சிரமதானம், ஊர் கூடிக் கூலியில்லாமல் செய்கிற வேலை என்றார் தலைவர். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தார்களாம். கங்காணி பெரட்டு மாதிரியே பெயர் கூப்பிட்டு ஆளுக்கு இத்தனை படி என்று பிரித்துவிட்டாராம்.

"நாங்க யாரும் சைக்கிள் ஓட்டினதில்லீங்க டீச்சர்" என்றார் தலைவர். "ஆனா ஏறுறதுன்னா எங்களுக்குத் தெரியும். இனி லேசா ஏறலாம்."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. சரிவில் ஏறி இறங்கியே பிழைக்கிறவர்களிடம் ஏறுவதை லேசாக்கச் சொன்னால் படிதான் வெட்டுவார்கள். வேறு என்ன செய்வார்கள்? சக்கரத்துக்குப் படி ஆகாது என்று சக்கரம் ஓட்டியவள் சொல்லியிருக்க வேண்டும். ஓட்டியவள் கீழே வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

சைக்கிளைத் தூக்க இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். வேண்டாம் என்று தோளில் போட்டுக்கொண்டேன். பழக்க தோஷம், படிகளை எண்ணினேன். அறுபத்தேழு. நாற்பதாவது படியில் பெடல் என் விலாவில் குத்தியது. அறுபதில் கண் இருண்டது. மேலே ஏறியதும் கை தட்டினார்கள். தர்ஷினி என் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டாள். கோழியும் அடித்திருந்தார்கள்.

கூட்டம் சாப்பாட்டுக்குத் திரும்பியதும் புஷ்பராணி என் அருகில் வந்தாள். அவள் கையிலும் கொப்புளம். பதினோரு படி அவளுடையது.

"சரியா வந்திருச்சுங்களா டீச்சர்?"

அப்போது சொல்லியிருக்கலாம். படியின் ஓரமாக ஒரு சாண் அகலத்துக்குச் சரிவாக மெழுகினால் போதும், எங்கள் ஊர் ரயில் நிலையத்தில்கூட அப்படி ஒன்று உண்டு, சைக்கிளை அதில் உருட்டிக்கொண்டு படியில் நடக்கலாம். இன்னொரு காலைப் பொழுது வேலை. அதைச் சொல்ல இருந்தேன். சுற்றிலும் பார்த்தேன். சட்டையில் மண் காயாமல் நின்று சாப்பிடுகிறார்கள். இன்னொரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

"ஒன்றாந்தரம்" என்றேன்.

ஏற்றமே இல்லை என்றவர்களையெல்லாம் பொய்யர்கள் என்று மூன்று நாளாக மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தவள் நான்.

மறுநாள் கிளம்பினேன். பதுளைக் கடைக்காரர் சைக்கிளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஏத்தமே இல்லேன்னேனே, சரிதானே என்றார். சரிதான் என்று ஒப்புக்கொண்டேன்.

ஊருக்கு வந்து அறிக்கை எழுத இரண்டு வாரம் இழுத்தேன். உண்மையை எப்படி எழுதினாலும் அதில் அந்தப் படி வந்து நின்றது. கடைசியில் எழுதினேன். பாதை அருமை, சாப்பாடு பிரமாதம், கழிப்பறை பளிச், ஓர் இடத்தில் மட்டும் அறுபத்தேழு படி, கீழேயே சைக்கிளை நிறுத்திவிட்டு ஏறிப் போய்ச் சாப்பிடலாம். படியின் போட்டோவையும் வைத்தேன். கார்த்திக் போன் செய்தான்.

"மிஸ், மாடிப்படி ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதாலதான் அவங்க சைக்கிளுக்கே வர்றாங்க."

படியை ஓரத்தில் மெழுகச் சொல்லலாம், நான் பேசுகிறேன், ஒரு மாதம் பொறு என்றேன். அவன் பொறுப்பதற்கு ஒன்றும் இல்லை. நான் இழுத்த அந்த இரண்டு வாரத்தில் ஆலப்புழையில் தங்குமிடங்களுக்கு முன்பணம் கட்டிவிட்டான். அங்கே மேடு என்றால் வரப்புதான். ஆனால் அந்தப் படி போட்டோ அவனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆலப்புழை விளம்பரத்துக்கு அதையே முகப்பில் போட்டிருக்கிறான். தேயிலை மலை, பனி, அறுபத்தேழு படி. மேலே சிறிதாகத் தெரிகிற சிவப்புப் புள்ளி புஷ்பராணியின் சேலை. ஆலப்புழையில் மலை ஏது என்று யாரும் கேட்கவில்லையாம்.

புஷ்பராணிக்கு நானே போனில் சொன்னேன். பாதை இந்த வருடம் இல்லை என்று ஆரம்பித்து, படி, சக்கரம், என் தவறு எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். ஏன் டீச்சர் அன்னைக்கே சொல்லல என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பரவாயில்லீங்க என்று அவளே போனை வைத்தாள்.

மூன்று மாதம் கழித்து குவைத் எண்ணிலிருந்து குரல் செய்தி வந்தது. நான் மேம்பாலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஓரமாக நிறுத்திக் கேட்டேன். நல்லா இருக்கேன், வீட்டுக்காரம்மா பரவாயில்லை என்றாள். கடையை நாத்தனார் பார்க்கிறாள், இப்போது மழைக்காலம், தர்ஷினி வழுக்காமல் பள்ளிக்கூடம் போகிறாள், கீழ் லயத்துப் பிள்ளைகளும் அந்தப் படியில்தான் வருகிறார்கள் என்றாள். அதற்கு டீச்சர் படி என்று பெயர் வைத்துவிட்டார்களாம். பின்னால் ஏதோ மெஷின் ஓடும் சத்தம்.

"நீங்க தேடின ரோட்டெல்லாம் இங்கதான் இருக்கு டீச்சர். மாடி ஜன்னல்ல பாக்குறேன், கண்ணுக்கு எட்டுன வரைக்கும் மட்டமா கெடக்கு. ஏத்தமே இல்லீங்க."

மறுபடி போட்டுக் கேட்டேன். புஷ்பராணி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.